ஏ.க்யூ.ஐ. 100 என்றால் 'திருப்திகர'மா? உங்கள் நுரையீரல் வைத்திருக்கும் கணக்கு வேறு

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஃபோனில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைத் திறந்து, உங்கள் ஊரின் காற்றுத் தரக் குறியீட்டை, அதாவது ஏ.க்யூ.ஐ.யைப் பாருங்கள். அடுத்து, அமெரிக்க அளவுகோலில் கணக்குப் போடும் வேறொரு செயலியைத் திறந்து அதே ஊரைப் பாருங்கள். இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

ஓர் எடுத்துக்காட்டு. காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருக்கிறது, மற்ற மாசுகள் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இந்திய அளவுகோலில் ஏ.க்யூ.ஐ. 100. நிறம் வெளிர் பச்சை. வகை: 'திருப்திகரம்'. அமெரிக்க அளவுகோலில் அதே காற்று 150ஐத் தாண்டும். நிறம் சிவப்பு. வகை: 'ஆரோக்கியத்துக்குக் கேடு'. உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்டால், ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். அதாவது நம்முடைய 'திருப்திகரம்' அவர்களுடைய வரம்பைப் போல நான்கு மடங்கு.

காற்று ஒன்றுதான், மூக்கும் ஒன்றுதான். அப்போ எந்த எண்ணை நம்புவது?

ஒவ்வொரு நவம்பரிலும் டெல்லியின் ஏ.க்யூ.ஐ. 400ஐத் தாண்டும்போது நாடே அந்த எண்ணைப் பார்க்கிறது. டிசம்பர் முடிந்து ஜனவரி போனதும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆனால் காற்று மாசு உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் வேறோர் எண்ணைப் பார்க்கிறார்கள். அது ஆண்டுச் சராசரி. டெல்லியில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, 'எங்க ஊர் காத்து பரவாயில்லை' என்று நினைக்கும் சென்னை, பெங்களூர், ஐதராபாத் வாசிகளுக்கும் அந்த எண் முக்கியம். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஏ.க்யூ.ஐ. என்ற எண் எப்படி உருவாகிறது?

இந்தியாவில் ஏ.க்யூ.ஐ. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எட்டு மாசுகளை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது: பி.எம். 10, பி.எம். 2.5, நைட்ரஜன் டைஆக்சைடு, சல்ஃபர் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு மதிப்பெண் போட்டு, எது அதிகமோ அதையே அந்த இடத்தின் ஏ.க்யூ.ஐ. என்று அறிவிக்கிறார்கள்.

இது எளிமையான முறைதான். 'இன்னைக்கு வெளியே போகலாமா?' என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடைக்கிறது. ஆனால் இதில் நான்கு விஷயங்கள் மறைந்துவிடுகின்றன.

முதலாவது, கூட்டு விளைவு. பி.எம். 2.5 மட்டும் மோசமாக இருந்தாலும், அதோடு நைட்ரஜன் டைஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து மோசமாக இருந்தாலும், ஏ.க்யூ.ஐ. ஒரே எண்ணைக் காட்டலாம். உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, நேரம். துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரி எடுக்கப்படுகிறது. காலை எட்டரை மணிக்கு நீங்கள் சிக்னலில் ஒரு பழைய டீசல் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது செயலியில் தெரிவது அந்த நிமிடத்துக் காற்று இல்லை. முந்தைய ஒரு நாளின் சராசரி.

மூன்றாவது, உச்சவரம்பு. இந்தியக் குறியீடு 500இல் நின்றுவிடும். காற்று அதற்கு மேல் எவ்வளவு கெட்டாலும் எண் ஏறாது.

நான்காவது, வரம்பு. அளவுகோலின் அடிப்படையே 2009இல் இந்தியா வகுத்த தரநிலைகள். அவற்றின்படி பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்குள்ளும், ஒரு நாள் சராசரி 60க்குள்ளும் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ புதிய ஆய்வுகளைப் பார்த்து 2021இல் தன் வரம்பை இறுக்கியது. ஆண்டுச் சராசரி 10ஆக இருந்ததை 5ஆகக் குறைத்தது. இந்திய ஆண்டு வரம்பு அதைப் போல எட்டு மடங்கு.

'இந்தியாவில் தூசி இயல்பாகவே அதிகம், நம் வரம்பு நம் சூழலுக்கு ஏற்றது' என்று ஒரு வாதம் உண்டு. நிர்வாக இலக்கை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்த வாதம் பொருந்தலாம். நுரையீரலுக்குப் பொருந்தாது. வட இந்தியர்களின் ரத்தக் குழாய்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

புகை உடலுக்குள் போய் என்ன செய்கிறது?

பி.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரோமீட்டர் விட்டத்துக்கு உட்பட்ட துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்து நிறுத்திவிடும். இருமினால் வெளியே வரும். இந்த நுண்துகள்கள் அந்தக் காவலைத் தாண்டி நுரையீரலின் கடைசி முனையில் இருக்கும் காற்றுப்பைகள் வரை போய்விடுகின்றன.

அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றை விழுங்கி அழிக்கப் பார்க்கின்றன. கிருமியாக இருந்தால் அழித்துவிடலாம். டீசல் கரியை என்ன செய்வது? அந்தச் சண்டையில் அழற்சி உண்டாகிறது. அதன் சமிக்ஞைகள் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ரத்தக் குழாய்களின் உள்சுவர் பாதிக்கப்பட்டு, கொழுப்புப் படிவு வேகமாக வளர்கிறது. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகளும் குழம்புகின்றன.

காற்று மாசு என்றதும் நமக்கு ஆஸ்துமாவும் இருமலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாசோடு தொடர்புடைய இறப்புகளில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமும். மூச்சு வாங்குவதே இல்லை என்பதால் 'எனக்கு ஒண்ணும் ஆகலை' என்று நினைத்துவிட முடியாது.

வாகனப் புகையில் துகள்கள் மட்டும் இல்லை. நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளப்பும். கார்பன் மோனாக்சைடு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதிசெய்தது. அடுத்த ஆண்டே வெளிப்புறக் காற்று மாசு முழுவதையும் அதே பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

உடல் மூன்று கடிகாரங்களில் கணக்குப் போடுகிறது

பாதிப்பு எவ்வளவு நேரத்தில் வரும்? இதற்கு ஒரே பதில் இல்லை.

முதல் கடிகாரம் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 691 பேரிடம் 'அதற்கு முந்தைய நாள்களில் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள்' என்று கேட்டார்கள். காரிலோ பஸ்ஸிலோ சைக்கிளிலோ போக்குவரத்துக்கு நடுவே இருந்தவர்களுக்கு, அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 2004இல் வெளியான இந்த ஆய்வில் புகையின் பங்கையும் இரைச்சல், பதற்றம் ஆகியவற்றின் பங்கையும் தனியாகப் பிரிக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கடிகாரம் நாள்கணக்கில் ஓடுகிறது. இன்று மாசு கூடினால் இன்றோ நாளையோ ஊரில் இறப்பு எண்ணிக்கை கொஞ்சம் கூடுகிறது.

மூன்றாவது, ஆண்டுக்கணக்கு. அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புகைப்பழக்கம், வயது போன்றவற்றைக் கழித்த பிறகும், மிக அதிக மாசுள்ள நகரத்தில் இறப்பு விகிதம் மிகக் குறைந்த மாசுள்ள நகரத்தைவிட 26% அதிகம். இத்தனைக்கும் அந்த நகரங்களின் காற்று இன்றைய டெல்லியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சுத்தம்.

பெரிய இழப்பு நடப்பது இந்த மூன்றாவது கடிகாரத்தில்தான். மெதுவாக நடப்பதால் அது செய்தி ஆவதில்லை.

நவம்பரை மட்டும் சரிசெய்தால் போதுமா? ஒரு மாதிரிக் கணக்கு

டெல்லியின் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி சமீப ஆண்டுகளில் 100 மைக்ரோகிராமை ஒட்டியே இருக்கிறது. அந்த நிலையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம்.

இந்த நகரத்தில் 30 நாள்கள் காற்று பயங்கரம்: தினமும் 250 மைக்ரோகிராம். மீதி 335 நாள்களும் 85. ஆண்டுச் சராசரி கிட்டத்தட்ட 99.

வழி ஒன்று: அந்தப் பயங்கர மாதத்தை முற்றிலும் ஒழித்துவிடுகிறோம். ஒரு வயலில்கூட தீ இல்லை, பட்டாசு இல்லை. அந்த 30 நாள்களும் மற்ற நாள்களைப் போல ஆகிவிட்டன. சராசரி 85ஆகக் குறையும். இந்திய வரம்பைப் போல இன்னமும் இரண்டு மடங்குக்கு மேல்.

வழி இரண்டு: நவம்பரைத் தொடவே இல்லை. அந்த 30 நாள்களும் அப்படியே 250தான். ஆனால் மீதி 335 நாள்களிலும் 20 மைக்ரோகிராம் மட்டும் குறைத்து, 85ஐ 65ஆக்குகிறோம். சராசரி 80.

தலைப்புச் செய்திகளில் வராத சாதாரண நாள்களைக் கொஞ்சம் சரிசெய்தது, நவம்பரை முழுசாக ஒழித்ததைவிட அதிகப் பலன் தந்திருக்கிறது.

நவம்பர் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டாவது கடிகாரத்தின் கணக்கில் அந்த வாரங்களில் இதய நோயாளிகளும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் நேரடியாகப் பாதிக்கப்படுகிறார்கள். பஞ்சாப், ஹரியானா வயல்களின் புகை சில நாள்களில் டெல்லி மாசில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுவதுண்டு. அதற்கும் ஒரு பின்கதை இருக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற பஞ்சாப் அரசு 2009இல் கொண்டுவந்த சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்பதற்கு விவசாயிக்குக் கிடைப்பது சில வாரங்களே. வைக்கோலை அகற்ற ஆளும் பணமும் நேரமும் இல்லாதவர் தீ வைக்கிறார். அந்த நேரத்தில்தான் குளிர் இறங்கி, காற்று நின்று, புகை தரையோடு படிகிறது.

ஆனால் வயல் புகை சில வாரங்களில் ஓய்ந்துவிடும். லாரி, பஸ், இருசக்கர வாகனம், செங்கல் சூளை, அனல்மின் நிலையம், குப்பை எரிப்பு, விறகடுப்பு ஆகியவற்றுக்கு விடுமுறை கிடையாது. 335 நாள்களின் கணக்கை எழுதுவது இவைதான்.

'எங்க ஊர் பரவாயில்லை' என்று சொல்லலாமா?

டெல்லியில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஊரிலிருந்து போன் வரும்: 'அங்க காத்தே விஷமாமே, பேசாம சென்னைக்கே வந்துடேன்.' சென்னையில் கடற்காற்று இருக்கிறது, டெல்லியைவிட மாசு மிகக் குறைவு. அது உண்மை. போதுமான அளவுக்குக் குறைவா என்பதே கேள்வி.

சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத், அகமதாபாத், புனே, வாரணாசி, சிம்லா ஆகிய பத்து நகரங்களில் 2008 முதல் 2019 வரை நடந்த சுமார் 36 லட்சம் இறப்புகளை அன்றன்றைய மாசு அளவோடு ஒப்பிட்ட ஆய்வு 2024இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வெளியானது. இந்த நகரங்களின் தினசரி இறப்புகளில் 7.2%, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 இறப்புகள், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய பி.எம். 2.5 மாசோடு தொடர்புடையவை என்று அது மதிப்பிட்டது. டெல்லியின் பங்கு சுமார் 12,000. சென்னையின் பங்கு சுமார் 2,900.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மாசு 10 மைக்ரோகிராம் கூடும்போது தினசரி இறப்பு எவ்வளவு கூடுகிறது? பத்து நகரங்களுக்கும் சேர்த்து 1.42%. டெல்லியில் 0.31%. பெங்களூரில் 3.06%.

முதல் பார்வையில் இது தலைகீழாகத் தெரியும். டெல்லியில்தானே அதிகம் இருக்க வேண்டும்? விளக்கம் இதுதான்: மாசுக்கும் பாதிப்புக்கும் இடையிலான வரைகோடு நேர்கோடு இல்லை. குறைந்த மாசில் அது செங்குத்தாக ஏறுகிறது, அதிக மாசில் தட்டையாகிறது. ஏற்கெனவே 200இல் இருக்கும் ஊரில் இன்னொரு 10 கூடினால் வித்தியாசம் சிறியது. 30இல் இருக்கும் ஊரில் 10 கூடினால் உடலுக்கு அது பெரிய மாற்றம். இந்திய வரம்பான 60 மைக்ரோகிராமுக்கு உட்பட்ட நாள்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும் இறப்பு 2.65% கூடியது. செயலி பச்சை காட்டிக்கொண்டிருந்த நாள்களின் கணக்கு அது.

அடுத்தது சர்க்கரை நோய். சென்னையிலும் டெல்லியிலும் 12,000 பேரைச் சுமார் ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. அந்தக் காலத்தில் சென்னையின் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி 30–40 மைக்ரோகிராம்; டெல்லியில் 80ஐத் தாண்டி 100 வரை. ஆண்டுச் சராசரி ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் ஆபத்து 22% கூடுவதை அது கண்டது. சோறு, இனிப்பு, உடற்பயிற்சி என்று நாம் பேசும் பட்டியலில் காற்றையும் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது.

கர்ப்பிணிகளின் விஷயத்திலும் தமிழ்நாட்டுத் தரவு இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் மாசு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. 4 கிராம் பெரிய விஷயமா என்று தோன்றும். விறகடுப்பு உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையில் வித்தியாசம் 10 மைக்ரோகிராமோடு நிற்பதில்லை. அங்கே நூற்றுக்கணக்கில் போகும்.

ஊர் சராசரியும் உங்கள் மூக்கும்

ஊருக்கு ஓர் எண் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. டெல்லியில் சுமார் 40 தானியங்கிக் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. இரண்டு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நகரம் அது. சிறிய நகரங்கள் பலவற்றில் ஒன்றோ இரண்டோதான். அந்த நிலையம் இருக்கும் இடத்தின் காற்றே ஊரின் காற்று என்று ஆகிவிடுகிறது.

நெரிசலான பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் தூரத்துக்குள் போக்குவரத்துப் புகையின் தாக்கம் அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2010இலேயே சொன்ன முடிவு. நம் ஊர்களில் அந்த எல்லைக்குள் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போக்குவரத்துக் காவலர், ஆட்டோ ஓட்டுநர், பஸ் கண்டக்டர், டெலிவரி வேலை பார்ப்பவர், பூக்காரம்மா, தள்ளுவண்டியில் பழம் விற்பவர், மேம்பாலத்தின் கீழே குடியிருப்பவர். சாலையை ஒட்டிய பள்ளிக்கூடங்களும் அங்கேதான். செயலியில் தெரியும் நகரச் சராசரி இவர்களுடைய காற்றைச் சொல்வதில்லை. ஏர் ப்யூரிஃபையர் ஓடும் அறையில் இருப்பவரின் காற்றையும் அது சொல்வதில்லை.

குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் இழுக்கும் காற்று அதிகம். நுரையீரல் வளரும் வயது வேறு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசிய புற்றுநோய் நிறுவனம் டெல்லிப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தது. 43.5% குழந்தைகளுக்கு நுரையீரல் திறன் குறைவாக இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மாசு குறைந்த பகுதிக் குழந்தைகளில் அது 25.7%. அந்தக் குழந்தைகள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள்.

கண்காணிப்பு நிலையம் எட்டிப் பார்க்காத இன்னோர் இடம் சமையலறை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட கேஸ் இணைப்புகள் தரப்பட்டன. ஆனால் சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் பல வீடுகளில் விறகடுப்பு திரும்ப எரிகிறது. அந்தப் புகை சமையலறைக்குள் பெண்களையும் குழந்தைகளையும் தாக்குகிறது; வெளியே வந்து ஊரின் மாசோடும் சேர்கிறது. போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதும் இதே கணக்கில்தான் வரும். 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடுமாறியது பலருக்கு நினைவிருக்கலாம்.

இறப்புச் சான்றிதழில் இல்லாத காரணம்

2019இல் இந்தியாவில் 16.7 லட்சம் இறப்புகள் காற்று மாசோடு தொடர்புடையவை என்று 2020இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாட்டின் மொத்த இறப்புகளில் அது 17.8%. இதில் வெளிப்புறத் துகள் மாசின் பங்கு 9.8 லட்சம், வீட்டுக்குள் எரியும் புகையின் பங்கு 6.1 லட்சம்.

மத்திய அரசோ, இறப்புக்குக் காற்று மாசு மட்டுமே நேரடிக் காரணம் என்று நிறுவும் உறுதியான தரவு நாட்டில் இல்லை என்று நாடாளுமன்றத்தில் பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. எது சரி?

அரசின் வாக்கியத்தில் 'மட்டுமே' என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த ஒரு தனி இறப்பையும் காட்டி 'இது முழுக்கக் காற்று மாசால் வந்தது' என்று சொல்ல முடியாது என்பது உண்மை. மாரடைப்பில் போனவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்திருக்கும், சர்க்கரை இருந்திருக்கும். சான்றிதழில் 'மாரடைப்பு' என்றே எழுதுவார்கள். ஆனால் இதே நிபந்தனையை வைத்தால் சிகரெட்டால் யாரும் சாகவில்லை என்றும் நிரூபித்துவிடலாம். சிகரெட் பிடித்தவர் இறந்ததும் சான்றிதழில் 'சிகரெட்' என்று யாரும் எழுதுவதில்லை.

16.7 லட்சம் என்பது பெயர்களை எண்ணிக் கிடைத்த தொகை இல்லை. மாசு இந்த அளவு இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை இறப்புகள் குறைந்திருக்கும் என்ற மதிப்பீடு. மதிப்பீட்டில் ஏற்ற இறக்கம் இருக்கும். வேறு ஆய்வுகள் வேறு எண்களைத் தரும். ஆனால் பூஜ்யம் என்ற எண்ணை எந்த ஆய்வும் தரவில்லை.

பணம் எந்த எண்ணைத் துரத்துகிறது?

மத்திய அரசு 2019 ஜனவரியில் தேசிய தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் அதில் இருக்கின்றன. துகள் மாசை 2025–26க்குள் 40% வரை குறைக்க வேண்டும் என்பது இலக்கு.

நகரங்களின் செயல்பாட்டை அளப்பது பி.எம். 10 அளவை வைத்து. இதில் சாலைத் தூசியின் பங்கு பெரியது. எரிப்பதால் வரும் நுண்துகள் அதற்குள் ஒரு பகுதி மட்டுமே. விளைவு எப்படி இருக்கும்? திட்டத்தின் செலவை ஆராய்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் சொன்ன கணக்கு: 64% சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தப் போயிருக்கிறது. வாகனப் புகைக்கு 13%க்கும் குறைவு. தொழிற்சாலை மாசுக்கு 1%கூட இல்லை.

சாலை போடுவதும் தண்ணீர் தெளிப்பதும் தப்பில்லை. தூசி குறைந்தால் கண்ணுக்கும் தொண்டைக்கும் நல்லது. ஆனால் காற்றுப்பை வரை போகும் துகள் பெரும்பாலும் எரிபொருளிலிருந்து வருகிறது. அதைக் குறைக்காமல் பி.எம். 10 இலக்கை ஒரு நகரம் எட்டிவிடலாம், பரிசும் வாங்கலாம்.

முடிந்திருக்கிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது

எரிபொருளைத் தொட்ட முடிவுகள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. 1998இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால், இழுபறிகளுக்குப் பிறகு 2002 முடிவுக்குள் டெல்லியின் நகரப் பேருந்துகள் டீசலிலிருந்து சி.என்.ஜி.க்கு மாறின. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 6 தரம் வந்தது. எரிபொருளில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. வாகன எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால் இந்த லாபத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறோம். அதனால்தான் பஸ்களின் எண்ணிக்கையும் ஒரு சுகாதாரப் பிரச்சினை.

காற்று சுத்தமானால் உடல் திரும்புமா? அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் மூன்று வெவ்வேறு காலத் தலைமுறைக் குழந்தைகளின் நுரையீரலை அளந்தார்கள். இடையில் அங்கே வாகனப் புகைக் கட்டுப்பாடுகளால் மாசு குறைந்துகொண்டே வந்தது. 15 வயதில் நுரையீரல் திறன் குறைவாக இருந்த குழந்தைகளின் பங்கு 1990களின் நடுப்பகுதிக் குழந்தைகளிடம் 7.9%, அடுத்த தலைமுறையில் 6.3%, 2007–2011 தலைமுறையில் 3.6%. ஊர் அதேதான். காற்று மாறியது, நுரையீரல்கள் நன்றாக வளர்ந்தன.

சரி, இன்று நீங்கள் என்ன செய்யலாம்?

செயலியில் நிறத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். 15ஐ மனதில் வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள்.

குளிர்காலத்தில் விடிகாலை நடையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் புகை தரையோடு படிந்திருக்கும். வெயில் ஏறியதும் கலையும். பெரிய சாலைக்குப் பதிலாக ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே வித்தியாசம் உண்டு.

கைக்குட்டையும் துப்பட்டாவும் தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம் தடுக்கும். பைக்கில் போகிறவர்களுக்கும் சாலையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கும் இது உண்மையிலேயே பயன்படும்.

வீட்டில் கொசுவர்த்திச் சுருளும் மூடிய அறையில் ஊதுபத்தியும் புகைதான். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மாசு அதிகமான வாரங்களில் மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ புதிதாக மூச்சுத் திணறலோ வந்தால் 'பொல்யூஷன்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இதையெல்லாம் சொல்லும்போதே ஒன்று உறுத்துகிறது. இந்தப் பட்டியலில் பாதி, நேரத்தையும் வழியையும் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கானது. சிக்னலில் எட்டு மணி நேரம் நிற்கும் காவலரிடம் 'வெயில் ஏறியதும் வெளியே வாருங்கள்' என்று சொல்ல முடியாது.

அதனால் கடைசியாக ஒரு வேலை. உங்கள் வார்டு கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: 'நம்ம ஊரோட பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு?' பதில் தெரியாது என்றால், உங்கள் பகுதியில் அளப்பதற்குக் கருவி இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நவம்பரில் கேட்காதீர்கள். ஏப்ரலிலோ ஜூலையிலோ, வானம் நீலமாக இருக்கும் ஒரு சாதாரண நாளில் கேளுங்கள்.